டீத்தண்ணி

காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு அடுப்பில் மூன்று பாத்திரம் ஏறுகிறது. மனைவியின் டீயில் பால் உண்டு, சர்க்கரை கிடையாது. மகனுடையதில் சர்க்கரை உண்டு, பால் கிடையாது. அதற்குப் பதில் பாதாமை அரைத்துப் பிழிந்து டப்பாவில் அடைத்த ஒரு வெள்ளைத் திரவம், அதற்கும் பால் என்றுதான் பெயர். எனக்கு இரண்டுமே உண்டு. ஆனால் இரண்டையும் 'பார்த்துச் சேர்த்துக்குங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இருந்தும் இல்லாத மாதிரி ஒரு டீ. மூன்று பாத்திரம், மூன்று வடிகட்டி. ஒருவர் டம்ளரை இன்னொருவர் மறதியாய்க்கூட வாயில் வைக்க முடியாது. இந்த வசதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் போடிநாயக்கனூர் ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கே அம்மா ஒரே பாத்திரத்தில் மூன்று டீ போட்டாள்.

பால்காரர் காலையில் ஊற்றுவது ஓர் உழக்கு. ஊற்றும்போதே அவர் பங்குக்குக் கொஞ்சம் தண்ணீர் அதில் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் வந்ததும் அம்மா தன் பங்கைச் சேர்ப்பாள். அதில் தம்பிக்கு ஒரு சங்கு, உறை ஊற்ற இரண்டு கரண்டி என்று ஒதுக்கியது போக மிஞ்சுவது டீக்கு. முதல் கொதியில் இறங்குவது அப்பாவுக்கு; வெளியாள் யாராவது வந்திருந்தால் அவருக்கும் அதிலேதான். பிறகு வடிகட்டித் துணியில் கிடக்கும் தூளைத் திரும்பவும் சட்டியில் உதறி, ஒரு செம்பு தண்ணீர் விட்டு, அது கொதித்ததும் பால் பாத்திரத்தை அலசிய தண்ணீரையும் விட்டு, ரேஷன் சர்க்கரையைப் போட்டால் அது பிள்ளைகள் நாலு பேருக்கு. அதற்கும் அப்புறம் சட்டியில் எது கிடக்கிறதோ அது அம்மாவுக்கு. அந்த மூன்றாவது டீ என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் எட்டிப் பார்த்ததெல்லாம் முதல் டம்ளரை மட்டும்தான்.

அம்மா அதை டீ என்று சொன்னதேயில்லை. டீத்தண்ணி என்பாள். "டீத்தண்ணி குடிச்சியா?" "வந்தவுகளுக்கு டீத்தண்ணி குடுத்தீகளா?" எங்கள் பக்கம் எல்லாருக்கும் அதே பேச்சுத்தான். பட்டணத்துக்கு வந்து நாலு பேரோடு பழகிய பிறகு அந்தத் 'தண்ணி' எனக்குக் கூச்சமாக இருந்து, நாக்கிலிருந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் எவ்வளவு நேர்மையான சொல் என்று தோன்றுகிறது. முக்கால்வாசி தண்ணீர்தான் என்பதைப் பேரிலேயே ஒப்புக்கொண்ட சரக்கு வேறெது?

போடியில் இருந்துகொண்டா டீக்கு இந்தப் பாடு என்று நீங்கள் கேட்கலாம். வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் மூணாறு, மூணாறு முழுக்கத் தேயிலை. அந்தத் தேயிலை ஒருகாலத்தில் எங்கள் ஊர் வழியாகத்தான் கப்பலுக்குப் போனது. 1902இல் வெள்ளைக்காரர்கள் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி விட்டார்கள். 1908இல் அதையே சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தேயிலை எங்கள் பக்கத்து அடிவாரத்தில் இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் ஒரே அடியாக அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. என் தாத்தா அந்தப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்கியவர் என்பது எங்கள் வீட்டுப் பெருமைகளில் ஒன்று. அவர் டீயை முகர்ந்திருக்கிறாரே தவிர ஆயுசுக்கும் குடித்ததில்லை. "எலையக் காயவச்சு வெந்நியில போட்டுக் குடிக்க எனக்கென்ன காச்சலா?" என்பாராம்.

அவர் வண்டியில் ஏற்றிய சரக்கு கப்பலேறியது. அவர் பேரப்பிள்ளைகளுக்கு வந்தது தூள். தேயிலையில் இலை, உடைசல், குருணை, டஸ்ட் என்று வரிசை உண்டு. சலித்துச் சலித்துக் கடைசியில் அடியில் விழுவது டஸ்ட். சின்னம்மா மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இறங்கி வரும்போது, எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தூளில் மிச்சம் பிடித்து ஒரு மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வருவாள். அவள் வந்து போன பத்து நாளைக்குப் பிள்ளைகள் டீக்கும் ஒரு நிறம் இருக்கும். அது தீர்ந்தால் மளிகைக் கடைப் பொட்டலம்.

1930களில் அசாமில் மெக்கெர்ச்சர் என்ற துரை, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் யந்திரம் ஒன்றை உண்டாக்கினார். சி.டி.சி. என்று பேர். அதில் வரும் குருணை வெந்நீரைக் கண்டதும் சாயத்தைக் கக்கிவிடும், கொஞ்சம் தூளில் நிறைய டம்ளர் தேறும். அவர் படத்தை நம் ஊர் அடுப்படிகளில் மாட்டியிருக்க வேண்டும். அதே காலத்தில் தேயிலை பரப்ப வந்த வாரியத்தார் ஊர் ஊராக இலவசமாக டீ ஊற்றிக் கொடுத்ததோடு நிற்காமல், அதை எப்படிப் போடுவது என்று ரயில் நிலையங்களில் எனாமல் பலகையும் மாட்டினார்கள். கெண்டியைச் சூடாக்கு, ஆளுக்கு ஒரு கரண்டி போடு, கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடிவை, பாலைப் பிறகு சேர். நம் ஜனங்கள் பலகையைப் பார்த்தார்கள், டீத்தூளை வாங்கினார்கள், வீட்டுக்குப் போய்ப் பாலையும் தூளையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். சொன்னதைக் கேட்காமல் இருப்பதால் சில நல்ல காரியங்களும் நடக்கின்றன.

ஏலக்காயைச் சொல்லாவிட்டால் போடியைச் சொன்னதாகாது. எங்கள் ஊருக்கே ஏலக்காய்தான் சோறு. மலையிலிருந்து மூட்டை இறங்கும், ஊரில் ஏலம் நடக்கும், கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். பருமன் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். அம்மா அங்கே பதினைந்து வருஷம் பிரித்தாள். சாயங்காலம் வெளியே வரும்போது சேலைத் தலைப்பை உதறிக் காட்டிவிட்டுத்தான் வரவேண்டும்; ஒரு காய் ஒட்டிக்கொண்டு வந்தாலும் மறுநாள் வேலை கிடையாது. ஆகவே ஏலக்காய்த் தலைநகரத்தில் பிறந்து வளர்ந்த என் வீட்டு டீயில் ஓர் ஏலக்காய்கூட விழுந்ததில்லை. ஆனால் வாசத்தை உதறிக் காட்டச் சொல்ல எந்தக் கணக்கப்பிள்ளையாலும் முடியவில்லை. அது அவள் விரல் இடுக்கில், நகக்கண்ணில், முந்தானையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கையால் டம்ளரை நீட்டும்போது, வாங்கி வாயருகே கொண்டுபோகிற அந்த ஒரு நொடி, நாங்கள் குடித்தது ஏலக்காய் டீ.

இத்தனைக்கும் நடுவில் என் உத்தியோகம் காவல். மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ். திரியைச் சட்டென்று இறக்கினால் புகையும், அதனால் பொங்கி வரும்போது சட்டியைத்தான் இடுக்கியால் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன முத்து கட்டும். பிறகு நடுவில் பழுப்பாய் ஒரு வளையம் திரண்டு, மேலே வரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த யோசனையை நம்பிக் கண்ணை எடுத்தவன் கெட்டான். ஒரே எழும்பலில் விளிம்பைத் தாண்டி ஸ்டவ்வில் வழிந்து, திரி அணைந்து, வீடு முழுக்கக் கருகல் வாடை, முதுகில் ஓர் அடி. சரியான நேரத்தில் தூக்கினாலோ, உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அப்படியே கீழே அமுங்கும். மூன்று தரம் பொங்கி மூன்று தரம் அமுங்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. பத்து வயதில் எனக்கு உலகத்திலேயே கீழ்ப்படிந்த ஒரே ஜீவன் அந்தச் சட்டிதான். எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் இப்போது 'பால்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கிவிட்டுப் பத்திரிகை படிக்கப் போகலாம், அதுவே நின்றுவிடும். நான் போவதில்லை. பக்கத்திலேயே நிற்கிறேன். அது நின்ற பிறகும் நிற்கிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

பொட்டலத்தையும் சொல்ல வேண்டும். நாலணா டீத்தூளைக் கடைக்காரர் பழைய வாரப் பத்திரிகைத் தாளில் கூம்பாகச் சுருட்டி, நூல் சுற்றிக் கொடுப்பார். தூளை டப்பாவில் கொட்டியதும் தாள் எனக்கு. தொடர்கதைகளை நான் அப்படித்தான் படித்தேன்: கதாநாயகி கதவைத் திறக்கிறாள், திறந்ததும் தாள் கிழிந்துபோயிருக்கும். கதவுக்கு வெளியே நின்றது யார் என்று சில கதைகளில் இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுத்துக்கு நடுவில் ஒட்டியிருக்கும் தூளை விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வேன், கசக்கும். இப்போது தூள் வெள்ளிநிற உறையில், வாசம் போகாத பூட்டோடு வருகிறது. உறையின் பின்பக்கத்தில் படிக்கக் கிடைப்பது நுகர்வோர் சேவை எண்.

1981இல் கல்லூரிக்கென்று மதுரைக்குப் போனேன். அங்கேதான் கெட்டுப்போனேன். விடுதிக்கு எதிரே ஒரு டீக்கடை. செம்பு பாய்லர், தண்ணீர் கொதிக்கிறதா என்று தெரிய உள்ளே ஒரு காசு போட்டிருப்பார்கள், கொதிக்கக் கொதிக்க அது அடியில் தடதடத்துக்கொண்டே இருக்கும். மாஸ்டர் துணிப்பையில் டிக்காஷன் இறக்கி, பாலோடு சேர்த்து, தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு ஒரு கயிறுபோல இழுத்து ஆற்றுவார். கிளாஸின் மேலே விரற்கடை நுரை. ஸ்ட்ராங், லைட், சர்க்கரை தூக்கலாய் என்று அவரவர் நாக்குக்கு உத்தரவு போடலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. வீட்டில் டீ என்பது கிடைப்பது. கடையில் அது கேட்பது. ஒரு பருவம் முடிந்து ஊருக்கு வந்ததும் அம்மா நீட்டிய டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்: "என்னம்மா டீ இது? கடை டீ மாதிரியே இல்ல." அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று எனக்குக் கொடுத்தது முதல் டம்ளர் என்பதும், அப்பா அன்றைக்குப் பிள்ளைகள் டீயைக் குடித்தார் என்பதும் பின்னால் தங்கை சொல்லித்தான் தெரிந்தது.

அதோடு விட்டேனா? எங்கோ கிடைத்த விளம்பரத் தாளில் அந்தப் பழைய எனாமல் பலகையின் உபதேசமே அச்சாகியிருந்தது. அடுத்த விடுமுறைக்கு மெஸ் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு பீங்கான் கெண்டி வாங்கிப்போனேன். வீடே சுற்றி நிற்க, கெண்டியைச் சூடாக்கி, டஸ்ட் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். இலைக்குச் சொன்ன நேரத்தைத் தூளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? கஷாயம் ஆகும். கெண்டி மூக்கில் தூள் அடைத்துக்கொண்டது. அப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "வயித்துக்கு நல்லதாடா?" என்று மரியாதையாகக் கேட்டார். கெண்டி அதற்கப்புறம் கல்லுப்பு வைக்கப் பயன்பட்டது.

இஞ்சிச் சமாச்சாரம் அதைவிடக் கேவலம். அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மாமா வந்தார். கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்த மனுஷன். கடையில் பார்த்த இஞ்சி டீயைப் போட்டு அசத்திவிடலாம் என்று, சாயங்காலத்துக்கு வைத்திருந்த பாலைச் சட்டியில் ஊற்றி, பச்சை இஞ்சியைத் தட்டி அதிலேயே போட்டு அடுப்பில் ஏற்றினேன். சூடு ஏறுவதற்குள் பால் திரிதிரியாய்ப் பிரிந்து, தண்ணீர் தனியே, கட்டி தனியே. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா எழுந்து வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். "பரவாயில்ல மாப்ள, வரட்டீயே போடு, எனக்கு அதுதான் இஷ்டம்" என்றார். சாயங்காலம் அம்மா வந்து, திரிந்ததை வெல்லம் போட்டுக் கிளறித் தங்கைகளுக்குக் கொடுத்தாள். அவர்களைப் பொறுத்தவரை நான் போட்டதிலேயே அதுதான் சிறந்த டீ.

இஞ்சியில் பாலைத் திரிக்கும் ஒரு நொதி இருக்கிறது, கொதித்தால் அது செத்துவிடும், ஆகையால் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பாலை ஊற்ற வேண்டும் என்று நாற்பது வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது எல்லாமே தெரிகிறது. பால் பாக்கெட்டின் நிறத்தைப் பார்த்தே கொழுப்பைச் சொல்வேன்: ஆவினில் நீலம் என்றால் 3 சதவிகிதம், ஆரஞ்சு என்றால் 6. கருப்பட்டியைப் பாலோடு கொதிக்கவிட்டால் திரியும், இறக்கிய பிறகு கலக்க வேண்டும் என்பதும் தெரியும். ரேஷன் சர்க்கரை தீர்ந்துபோன நாட்களில், யாரும் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு நாங்கள் குடித்த கருப்பட்டி டீக்கு இன்று சென்னையில் தனிக் கடைகள், மண் குவளை, வரிசை. 2019இல் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டபோது, ஒரு காய்க்கு எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து வேண்டுமென்றே டீயில் தட்டிப் போட்டேன். வாசம் டம்ளரிலிருந்துதான் வந்தது. டம்ளரைப் பிடித்த கையிலிருந்து வரவில்லை.

அந்தக் காலத்து டீ ருசியாக இருந்தது என்று மேடையேறிச் சொல்ல நான் தயாரில்லை. தூளின் கசப்பு, ரேஷன் சர்க்கரையின் அழுக்கு, துணியின் ஈர வாடை, எல்லாவற்றுக்கும் மேல் மண்ணெண்ணெய். இருந்தும் போன வருஷம் ஒரு கிறுக்குப் பிடித்து, அதை அப்படியே திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீலப் பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர், மட்டமான டஸ்ட், பழைய வேட்டியில் கிழித்த துணி, மூன்று பொங்கல். முதல் டீயை வடித்து, தூளை உதறி, இரண்டாவது டீ, மூன்றாவது டீ. மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கெட்ட டீ போடறதுக்கு ஏங்க இவ்வளவு கஷ்டப்படறீங்க?" என்றாள். மூன்றாவது டீயின் நிறத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். நிறம் என்று ஒன்று இல்லை. வெயிலில் வைத்தால் டம்ளரின் அடி தெரிந்தது.

அதை எடுத்துக்கொண்டுதான் ஊருக்குப் போனேன். டீயை அல்ல, அந்தச் செய்முறையை. எங்கள் ஊர் மீட்டர்கேஜ் ரயிலை 2010இன் கடைசியில் நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து, 2023 ஜூனில்தான் அகல ரயிலாக விட்டார்கள். சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் போடி. ரயிலில் விடிகாலையில் ஒருவர் காகிதக் கோப்பையில் ஏதோ ஒன்றைக் கொடுத்துப் பணம் வாங்கினார், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அம்மாவுக்கு வயது எண்பத்துமூன்று. தம்பி வீட்டில் இருக்கிறாள். மலை அப்படியே இருக்கிறது, வாசலில் நின்றால் தெரிவதில்லை, எதிரே மூன்று மாடி எழும்பிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரமாய்ப் பார்த்து அடுப்படிக்குள் போனேன். ஈயம் போன பழைய சட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துலக்கி, தண்ணீர், தூள், பால், மூன்று பொங்கல், மூன்று அமுங்கல். இந்தத் தடவை பாலில் கஞ்சத்தனம் செய்யவில்லை. முழு அரை லிட்டர், ஏலக்காய் மூன்று. முதல் கொதியில் இறக்கிய முதல் டம்ளரை, மேலே நுரை நிற்கும்படி ஆற்றி, அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லாத்தாம்ப்பா இருக்கு. எனக்கு டீ ஆகாது."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே. காப்பிதான் பிடிக்கும். காப்பின்னா பால் நெறைய வேணுமே, அதுக்கு எங்க போறது? டீன்னா தண்ணியிலயே ஒப்பேத்தலாம்." பிறகு ஏதோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "ஒன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, டீ நல்லாப் போடுறன்னு" என்றாள்.

தம்பி மனைவி வந்து அவளுக்கு இன்ஸ்டன்ட் காப்பி கலந்து கொடுத்தாள். சட்டியில் இரண்டு டம்ளர் டீ மீந்திருந்தது. இரண்டையும் நானே குடித்தேன்.